முதல் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போவது எப்படி: சென்னையில் குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு

குடியை நிறுத்திவிட வேண்டும் என்று முடிவெடுத்த ஒருவர், தம்மைப் போலவே குடித்து மீண்டவர்கள் கூடும் ஓர் அறைக்குப் போய் நாற்காலியில் உட்காருவதற்குள் பல தடைகள் குறுக்கே வந்துவிடுகின்றன. கூட்டம் எங்கே நடக்கிறது என்று தெரிவதில்லை. தெரிந்தாலும் யாரிடம் கேட்டுக்கொண்டு போவது, உள்ளே என்ன கேட்பார்கள், தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. கேட் வரைக்கும் போய், எதிர்ப்புறக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்குவதுபோல நின்றுவிட்டுத் திரும்பியவர்கள் நிறைய இருக்கிறார்கள். நானும் அடுத்தடுத்து இரண்டு வியாழக்கிழமைகள் அப்படித் திரும்பியவன். மூன்றாவது வாரம்தான் உள்ளே போனேன். அந்த இரண்டு வாரங்களில் எனக்குத் தெரியாமல் இருந்தவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். குடி ஏன் வருகிறது, அது குடும்பத்தை என்ன செய்கிறது என்பதையெல்லாம் இதைத் தேடிப் படிப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏ.ஏ. என்பது என்ன

ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், பெயரை வெளியே சொல்லிக்கொள்ளாத குடிநோயாளிகளின் கூட்டமைப்பு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரில், குடியிலிருந்து சில மாதங்களாக விலகியிருந்த பங்குச்சந்தைக்காரர் ஒருவர், மீண்டும் குடித்துவிடுவோமோ என்ற பயத்தில் இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் போனார். அவர் சந்தித்த மனிதர் ஓர் அறுவை மருத்துவர். இருவரும் பேசிப் பேசியே குடிக்காமல் இருந்து பார்த்தார்கள். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10-ஐத்தான் அமைப்பு தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. இந்தியாவுக்கு இது 1957-இல் வந்தது.

இன்றும் கூட்டத்தில் நடப்பது அடிப்படையில் அதுவேதான். ஒரு குடிநோயாளி தம் கதையைச் சொல்கிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். மேடையில் நின்று அறிவுரை சொல்லும் மருத்துவரோ சாமியாரோ ஆலோசகரோ கிடையாது. உறுப்பினர் கட்டணம் கிடையாது. விண்ணப்பம், ஆதார் அட்டை, கையெழுத்து எதுவும் கேட்கப்படாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி என்று அமைப்பின் பன்னிரண்டு மரபுகளில் மூன்றாவது சொல்கிறது. ஆகவே ஏ.ஏ. பெயரைச் சொல்லி யாராவது சேர்க்கைக் கட்டணம் கேட்டால், அது ஏ.ஏ. அல்ல என்று தெளிவாக எடுத்துக்கொள்ளலாம்.

இது பலன் தருமா என்ற கேள்வி நியாயமானது. 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. ஏ.ஏ.-யும், ஏ.ஏ.-க்கு ஆட்களை முறையாக வழிநடத்தும் சிகிச்சைத் திட்டங்களும், தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் பிற உளவியல் சிகிச்சைகளுக்கு இணையாகவோ அவற்றைவிட மேலாகவோ இருந்தன என்று அந்த ஆய்வு கண்டது. எல்லோருக்கும் பலிக்கும் என்று இதற்குப் பொருளில்லை. முயன்று பார்க்கத் தகுந்தது, செலவில்லாதது என்று பொருள்.

போவதற்கு முன்: உடம்பைக் கவனியுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காலையில் எழுந்தவுடன் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், பல மாதங்களாகத் தினமும் குவார்ட்டர் கணக்கில் குடித்துவருபவர், முன்பொருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் ஆகியோர் யாரையும் கேட்காமல் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆட்களைப் பார்ப்பதும் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வதும் நடக்கும். இது உயிரையே எடுத்துவிடக்கூடிய நிலை. மன உறுதியால் கடந்துவிடலாம் என்று நினைப்பது தவறு. இது மூளையின் வேதிச் சமநிலை சம்பந்தப்பட்டது. மருத்துவமனையில் சில நாள் மாத்திரையும் தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்துப் பாதுகாப்பாகக் கடத்திவிட முடிகிற விஷயம்.

சென்னையில் இதற்கு வழிகள் இருக்கின்றன. 1794-இல் தொடங்கப்பட்டு, இன்று கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. 2025-இல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய அறக்கட்டளை அதை நடத்திவருகிறது, இந்நகரில் குடிநோய் சிகிச்சை என்றால் பலரும் முதலில் சொல்லும் பெயர் அதுதான். வலிப்போ புத்தித் தடுமாற்றமோ கண்டால் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். தனியார் மறுவாழ்வு இல்லங்களைப் பொறுத்தவரை, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படிப் பதிவு பெற்றதா என்று கேட்டு, சான்றிதழைக் கண்ணால் பார்த்த பிறகே யாரையும் சேர்க்க வேண்டும்.

சிகிச்சையும் கூட்டமும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. மருத்துவமனை உடம்பிலிருந்து குடியை இறக்கிவிடும். வீட்டுக்கு வந்த பிறகு ஐந்தாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சம்பளம் கையில் இருக்கும்போது என்ன செய்வது என்பதற்குத்தான் கூட்டம் தேவைப்படுகிறது.

கூட்டத்தைக் கண்டுபிடித்தல்

பெயர்ப்பலகை பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று தெருத்தெருவாகத் தேடினால் கிடைக்காது. ஏ.ஏ.-க்குச் சொந்தக் கட்டடங்கள் இருப்பதில்லை. தேவாலய வளாகத்தில் ஓர் அறை, பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை, சமுதாயக் கூடம், மருத்துவமனையின் மாடி அறை என்று வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு இடம் வாங்கி நடத்துகிறார்கள். ஆகையால் இடம் மாறுவதும் நேரம் மாறுவதும் சகஜம். நான் முதலில் நம்பியது யாரோ எப்போதோ அச்சடித்த ஒரு பட்டியலை. அதில் இருந்த முகவரிக்கு மழையில் நனைந்துகொண்டு போனபோது பூட்டிய கதவுதான் இருந்தது. குழு வேறு இடத்துக்குப் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அன்று நேரே கடைக்குத்தான் போனேன். அதனால்தான் எந்த முகவரியாக இருந்தாலும் போகிற நாளன்று ஒரு தடவை தொலைபேசியில் உறுதிசெய்துகொள்ளுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

தேடலை இணையத்தில் தொடங்கலாம். இந்திய ஏ.ஏ.-யின் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இயங்குகிறது. அதன் இணையதளத்தில் நகர வாரியாகக் கூட்ட விவரமும் உதவி எண்ணும் கிடைக்கும். கூகுளில் 'ஏ.ஏ. மீட்டிங் சென்னை' என்று தேடினால் வேறு பக்கங்களும் வரும். அவற்றில் சில தனியார் இல்லங்களின் விளம்பரமாக இருக்கும். கட்டணம், படுக்கை வசதி, பேக்கேஜ் என்ற சொற்கள் கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அமைப்பின் சொந்தத் தளத்துக்குத் திரும்புங்கள்.

இணையம் பழகாதவர்களுக்கு ஆட்களைக் கேட்பதே நல்ல வழி. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருக்கும் சமூகப் பணியாளரிடம், "பக்கத்துல ஏ.ஏ. மீட்டிங் எங்கே நடக்குது?" என்று கேட்டால் போதும், அவர்களுக்கு ஆச்சரியமாகவே இருக்காது. போதை மீட்பு மையங்களில் சேர்ந்து வெளியே வருபவர்களுக்கு அங்கேயே இந்த விவரத்தைச் சொல்லி அனுப்புவது வழக்கம். உங்கள் பகுதித் தேவாலய அலுவலகத்திலும் விசாரிக்கலாம், நீங்கள் எந்த மதமாக இருந்தாலும். அறையை வாடகைக்கோ இலவசமாகவோ தருபவர்கள் அவர்கள்தாம் என்பதால் எந்த நாள், எத்தனை மணி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரவில் தனியாக இருக்கும்போது, யாரையும் நேரில் கேட்கத் துணிவில்லாத நிலையில், தொலைபேசி உதவுகிறது. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மன உளைச்சலுக்கான டெலி மானஸ் எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் குடியோடு சேர்ந்து வருமானால், கூட்டத்தைத் தேடுவதற்கு முன்பு இந்த இரண்டாவது எண்ணை அழைத்துவிடுங்கள்.

அந்தத் தொலைபேசி அழைப்பு

ஏ.ஏ. உதவி எண்ணை அழைத்தால் எடுப்பவர் சம்பளம் வாங்கும் ஊழியர் அல்லர். அவரும் ஒரு குடிநோயாளி. சில காலமாகக் குடிக்காமல் இருப்பவர். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் பலர் அழைப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். "வணக்கம் சார், மீட்டிங்குக்கு வரணும், எங்கே, எத்தனை மணிக்குன்னு சொல்றீங்களா?" என்ற ஒரே வாக்கியம் போதும். பெயர் கேட்டால் எந்தப் பெயரையும் சொல்லலாம். "எந்த ஏரியா தம்பி? இன்னிக்குக் குடிச்சிருக்கீங்களா? கை நடுங்குதா?" என்று அவர் கேட்பார். உங்களைக் குற்றம் சொல்வதற்காக அல்ல. நேரே கூட்டத்துக்கு வரச் சொல்வதா, முதலில் மருத்துவரிடம் போகச் சொல்வதா என்று தீர்மானிப்பதற்காக.

அவரிடம் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. கூட்டம் தமிழிலா ஆங்கிலத்திலா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா, வளாகத்தில் எந்த வாசல் வழியாக வர வேண்டும், அறை எந்த மாடி, வந்ததும் யாரைக் கேட்பது. திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம். மூடிய கூட்டம் குடிநோய் இருப்பவர்களுக்கு மட்டும். வாசலும் மாடியும் அற்ப விவரமாகத் தோன்றும். ஆனால் ஒரு பெரிய வளாகத்தின் நடுவில் நின்றுகொண்டு காவலாளியிடம் "குடிக்கிறவங்க மீட்டிங் எங்கே?" என்று கேட்க வேண்டிவந்தால், பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். காவலாளியிடம் 'ஏ.ஏ. மீட்டிங்' என்று மட்டும் சொன்னால் போதும். முடிந்தால், "முதல் தடவை வர்றேன் சார், கேட்டுக்கிட்ட யாராவது நிப்பாங்களா?" என்றே கேட்டுவிடுங்கள். நிற்பார்கள். இதைக் கேட்கத் தெரியாமல்தான் நான் இரண்டு வாரத்தை இழந்தேன்.

எந்தக் கூட்டம், எந்த வழி

வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் கூட்டத்துக்குப் போகத் தயங்குபவர்கள் சில நிறுத்தங்கள் தள்ளி இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். பெரம்பூரில் இருப்பவர் எழும்பூர்ப் பக்கமும், தாம்பரத்தில் இருப்பவர் கிண்டிப் பக்கமும் மின்சார ரயிலில் போய்வருவது ஒன்றும் பெரிய காரியம் அல்ல. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் வேண்டாம். சோர்ந்த உடம்போடு ஒன்றரை மணி நேரம் பேருந்தில் நின்று போகிறவர் மூன்றாவது வாரம் போகமாட்டார்.

வழியையும் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகின்றன. மாலைக் கூட்டத்துக்குக் கிளம்பும் நேரம் என்பது இத்தனை வருடங்களாகக் கால்கள் கடைக்குப் போய்ப் பழகிய அதே நேரம். வழக்கமாகப் போகும் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து, இரண்டு தெரு சுற்றிக்கொண்டாவது வேறு பாதையில் போங்கள். கையில் பயணத்துக்கு வேண்டிய சில்லறையை மட்டும் வைத்துக்கொண்டு, கார்டையும் செல்பேசியில் பணம் அனுப்பும் வசதியையும் அன்று மட்டும் வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசியும் கோபமும் தனிமையும் அலுப்பும் சேர்ந்தால் குடி தேடிக்கொண்டு வரும் என்று கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்; அந்த நான்கில் எளிதாகத் தீர்க்க முடிந்தது பசிதான்.

கூட்டத்துக்குள்

பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். தாமதமாகப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம் ஒன்றே திரும்பிப் போகப் போதுமான காரணமாகிவிடும். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளையும் அமைப்பின் மரபுகளையும் எழுதிச் சுவரில் மாட்டிய துணி, மூலையில் தேநீர் பிளாஸ்க், பிஸ்கட் தட்டு. இவ்வளவுதான் இருக்கும். பின்வரிசையில் உட்காரலாம்.

என் முதல் கூட்டத்தில் ஒரு பெரியவர் எனக்கு நீட்டிய காகிதக் கோப்பையில் பாதி அளவுதான் தேநீர் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் நிறைய ஊற்றியவர் எனக்கு மட்டும் ஏன் குறைத்தார் என்று மனம் சுருங்கியது. கோப்பையை வாங்கியபோது என் கை நடுங்கிய நடுக்கத்தில் அது விளிம்புவரை ஏறி இறங்கியது, ஆனால் சிந்தவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். நான் உள்ளே வந்து கதவருகில் நின்றபோதே அவர் என் கையைப் பார்த்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

கூட்டம் ஒரு நிமிட மௌனத்தோடோ சிறு பிரார்த்தனையோடோ தொடங்கும். அமைப்பைப் பற்றிய சில வரிகளை ஒருவர் வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். தம் முதல் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பிப்பார்கள். மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள். இந்தச் சொல்லை முதல் நாளே நீங்களும் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்கள் முறை வந்தால், "இன்னிக்குக் கேட்க மட்டும் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருந்துவிடலாம். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தமாட்டார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்பதோ அறிவுரை சொல்வதோ கூடாது என்பது எல்லோரும் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. நம் வீடுகளில் குடிப்பவனுக்கு அறிவுரை சொல்லாத ஆளே கிடையாது என்பதால், ஒரு மணி நேரம் எந்த அறிவுரையும் வராத ஓர் அறையில் உட்கார்ந்திருப்பது முதலில் விசித்திரமாக இருக்கும்.

கேட்கும்போது வேறுபாடுகளைத் தேடாதீர்கள். அவர் பட்டைச் சாராயம், நான் பிராந்தி. அவர் வேலையை இழந்தவர், நான் இன்னும் ஆபீஸ் போகிறேன். அவர் மனைவி பிரிந்துவிட்டார், என் மனைவி இன்னும் இருக்கிறாள் என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் பாட்டிலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தது, குழந்தையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு அன்று மாலையே மீறியது, சபரிமலைக்கு மாலை போட்ட ஒரு மண்டலம் முழுவதும் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்துவிட்டு மாலையைக் கழற்றிய அன்றே கடைக்கு ஓடியது என்று அவர் சொல்லும்போது, அதில் எது உங்களுடையது என்று மட்டும் பாருங்கள். 48 நாள் இருக்க முடிந்தவனுக்கு 49-ஆவது நாள் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது அப்படி ஒருவர் பேசியபோதுதான்.

இடையில் ஒரு பையோ தட்டோ சுற்றி வரும். அறை வாடகைக்கும் தேநீருக்கும் உறுப்பினர்கள் போடும் பணம் அது. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பதால் இந்த ஏற்பாடு. புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. போட்டாலும் பத்து ரூபாய் போதும்.

தெரிந்தவர் யாராவது இருந்தால்? இருக்கக்கூடும். மேல் அதிகாரியோ, சம்பந்தி வீட்டுக்காரரோ, பிள்ளை படிக்கும் பள்ளியின் ஆசிரியரோ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். அவரும் உங்களைப் போலத்தான் அங்கே வந்திருக்கிறார். இங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பது இந்த அறையோடு நிற்கட்டும் என்று கூட்டத்தில் நினைவூட்டுவார்கள். அதையே நம்பி உள்ள அமைப்பு இது. வெளியே சந்தையில் எதிர்ப்பட்டால் நீங்கள் முதலில் பேசாதவரை அவரும் பேசமாட்டார். இருந்தாலும், வழக்கு, கணக்கில் செய்த தவறு போன்ற சட்டச் சிக்கல் உள்ளவற்றைக் கூட்டத்தின் நடுவில் சொல்லாமல் வழக்கறிஞரிடம் சொல்வதே நல்லது.

கடவுளைப் பற்றிய தயக்கம்

பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. பல கூட்டங்கள் தேவாலய வளாகத்தில் நடக்கின்றன. இதனால் மதம் மாற்றுவார்களோ என்று பயப்படும் இந்துக் குடும்பங்களையும், நமக்கு இது சரிவருமா என்று கேட்கும் இஸ்லாமிய நண்பர்களையும், கறுப்புச் சட்டை போட்டு வளர்ந்த பகுத்தறிவாளர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல; இடம் கிடைத்தது தேவாலயத்தில், அவ்வளவுதான். படிகளில் வரும் கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் படிகளிலேயே சொல்லியிருக்கிறது. திருப்பரங்குன்றத்து முருகனை வைத்துக்கொண்டவரும் உண்டு. கடவுள் நம்பிக்கை சிறிதும் இல்லாமல், என்னால் தனியாக முடியவில்லை, இந்த இருபது பேரோடு சேர்ந்தால் முடிகிறது, ஆகவே என்னைவிடப் பெரிய சக்தி இந்தக் குழுதான் என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் குடிக்காமல் இருப்பவரும் உண்டு. பிரார்த்தனையின்போது பேசாமல் நிற்கலாம். இதற்காக மட்டும் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

முதல் கூட்டத்துக்குப் பிறகு

கூட்டம் முடிந்தவுடன் ஓடிவிடாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். உண்மையான பேச்சு தேநீர்க் கோப்பையோடு வாசலில்தான் நடக்கிறது. இரண்டு மூன்று பேரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்கள் ஆண்களிடமும் பெண்கள் பெண்களிடமும் வாங்குவது வழக்கம், அது நல்ல வழக்கமும்கூட. வாங்கிய எண்ணை அன்று இரவே ஒரு முறை அழைத்து, "வீட்டுக்கு வந்துட்டேன் அண்ணா" என்று சொல்லிவிடுங்கள். எண்ணைக் கையில் வைத்திருந்தும், கை பாட்டிலுக்குப் போகும் நேரத்தில் முன்பின் பேசிப் பழகாத ஒருவரை அழைக்க யாருக்கும் வாய் வராது. ஒரு தடவை சாதாரணமாகப் பேசியிருந்தால் அந்த நேரத்தில் அழைக்க முடியும்.

ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு குழுவில் வயதானவர்கள் அதிகம் இருப்பார்கள், இன்னொன்றில் இளைஞர்கள். ஒன்றில் படிகளை வாசித்து விவாதிப்பார்கள், இன்னொன்றில் அனுபவம் மட்டும் பேசுவார்கள். குறைந்தது ஆறு கூட்டங்கள், அதுவும் மூன்று வெவ்வேறு குழுக்களிலாவது போய்ப் பார்த்த பிறகே இது எனக்கு ஒத்துவருமா என்று தீர்மானிப்பது நியாயம் என்பது என் கருத்து. 90 நாட்களில் 90 கூட்டங்கள் என்று பழைய உறுப்பினர்கள் சொல்வார்கள். சென்னையில் வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு இது கடினம்தான். நேரில் போக முடியாத நாட்களில் ஜூம் வழியாக நடக்கும் கூட்டங்களில் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் முதல் மாதத்தில் வாரத்துக்கு மூன்று முறையாவது நேரில் போங்கள். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் வாயில் வரும் வாடை யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்பது அவருக்கும் தெரியும்.

சில வாரங்களில் ஏதாவது ஒரு குழு உங்களுக்குப் பிடித்துப்போகும். அதை உங்கள் சொந்தக் குழுவாக வைத்துக்கொண்டு, நாற்காலி போடுவது, கோப்பைகளை அடுக்குவது என்று ஒரு சின்ன வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை இருக்கிறது என்பதற்காகவே போக வேண்டியிருக்கும். பிறகு, படிகளை எடுத்துச் சொல்லிக் கூடவே வர ஒரு ஸ்பான்சர் தேவைப்படுவார். பேச்சில் வல்லவரைத் தேடாமல், நீங்கள் அழைத்தால் எடுக்கிறவரைத் தேர்ந்தெடுங்கள். கடன் கேட்பதோ கொடுப்பதோ அந்த உறவுக்குள் வரவே கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை ஸ்பான்சருக்குக் கிடையாது. அப்படி யாராவது சொன்னால் மருத்துவரைக் கேளுங்கள்.

பெண்களுக்கும் குடும்பத்தாருக்கும்

குடிநோய் உள்ள பெண்கள் நம் ஊரில் இரட்டை மறைவில் வாழ்கிறார்கள். பெரும்பாலான கூட்டங்களில் ஆண்களே நிறைந்திருப்பார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. உதவி எண்ணை அழைக்கும்போதே, "ஒரு லேடி மெம்பர்கிட்ட பேசணும்" என்று கேளுங்கள். தொடர்பு ஏற்படுத்தித் தருவார்கள். முதல் கூட்டத்துக்கு அவரோடு சேர்ந்து போவதும், பெண்கள் மட்டும் கூடும் இணையவழிக் கூட்டத்தில் தொடங்குவதும் பலருக்கு எளிதாக இருந்திருக்கிறது. யாராவது தேவையில்லாத நெருக்கம் காட்டினால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கடமை எந்தப் புதியவருக்கும் இல்லை. குழுவின் செயலாளரிடம் சொல்லுங்கள், அல்லது குழுவை மாற்றிக்கொள்ளுங்கள்.

மனைவி, அம்மா, பிள்ளைகள் ஆகியோருக்கென்று 1951-இல் தொடங்கப்பட்ட அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. வீட்டில் குடிப்பவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் இவர்கள் அங்கே போகலாம். பதின்ம வயதினருக்கு அலட்டீன் உண்டு. குடும்பத்தாரிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குடியை வெறுக்க வைக்கும் மாத்திரை என்று சொல்லி, அவருக்குத் தெரியாமல் சாம்பாரிலோ காபியிலோ எதையும் கலக்காதீர்கள். டைசல்பிரம் என்ற அந்த வகை மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து, இதயம் தடுமாறி, உயிருக்கே ஆபத்து வரலாம். அவர் அறிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே அதை எடுக்க வேண்டும். அவரைக் கைப்பிடித்துக் கூட்டத்துக்கு இழுத்துவருவதாலும் பயன் குறைவு. முகவரியும் நேரமும் எழுதிய தாளை அவர் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு, நீங்கள் உங்கள் கூட்டத்துக்குப் போய்வாருங்கள். நான் தேடிப் போன அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தின் நேரம், எங்கள் வீட்டு நாட்காட்டியின் பின்புறம் என் மனைவி எழுதி வைத்திருந்தது.

மறுபடி குடித்துவிட்டால்

குடித்துவிடலாம். அப்படி நேர்ந்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வர வெட்கப்பட்டே பல மாதங்களை இழக்கிறார்கள். ஏ.ஏ.-யில் யாரையும் இதற்காக நீக்குவதில்லை. குடித்திருந்தாலும் வரலாம், பேசாமல் உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். போதையில் இருக்கும்போது வண்டி ஓட்டிக்கொண்டு மட்டும் வராதீர்கள். மறுநாள் காலை கை நடுங்கினால், மேலே உடம்பைப் பற்றிச் சொன்னவை எல்லாம் மீண்டும் பொருந்தும் என்பதால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிறகு வாங்கி வைத்த எண்களில் ஒன்றை அழையுங்கள். "அண்ணா, நேத்து குடிச்சிட்டேன்" என்று சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் ஏன் என்று கேட்கமாட்டார். இன்று கூட்டம் எத்தனை மணிக்கு, எங்கே சந்திக்கலாம் என்றுதான் கேட்பார்.